துர்ஃபான் சாலையில் நான் அடித்த முளை

மஸ்கட்டின் ரூவியில் எங்கள் பழைய அலுவலகத்தைக் காலி செய்கிறார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் கடைசி நாளில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். கோயம்புத்தூரில் வீட்டோடு இருக்கும் என்னையும் போன் திரைக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள். பிறகு ஒரு பெண் கேட்டாள், "மேடம், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத சைட் எது?"

நிஸ்வா என்றோ சூர் என்றோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். "அது ஓமன்லயே இல்லம்மா" என்றேன். மேலே சொல்ல வாயெடுப்பதற்குள் படம் உறைந்து, தொடர்பு அறுந்துபோனது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சர்வேயர். நில அளவையில் டிப்ளமா. எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்துப் பொதுப்பணித் துறையில் தற்காலிக வேலையாக வாய்க்கால்களுக்கு லெவல் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடும்ப விசாவில் போய் ரூவியில் ஒரு மாடி ஃப்ளாட்டில் உட்கார்ந்தேன். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே நீர்வளத்துக்கான ஒரு ஆலோசனை அலுவலகம் இருந்தது. வரைபடம் போட ஆள் வேண்டும் என்றார்கள், போனேன்.

அங்கே என்னை நேர்காணல் செய்தவர் முஹந்திஸ் சாலிம். முஹந்திஸ் என்றால் எஞ்சினியர். ஓமானியர், ஒல்லியான மனிதர். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை திஷ்தாஷா அங்கி, பூவேலை செய்த தொப்பி, காலில் தோல் செருப்பு. ஹிந்தி நன்றாகப் பேசுவார். என் சான்றிதழை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு லெவல் கருவியைக் காட்டி, மாடியின் நாலு மூலைக்கும் மட்டம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். தாளைப் பார்த்தார்.

"மர்ரா தானி, பெஹன்" என்றார்.

இன்னொரு தடவை, தங்கச்சி. அரபி பாதி, ஹிந்தி பாதி. திரும்ப எடுத்தேன். அதே எண்கள்தான் வந்தன. "நாளைக்கு வாங்க" என்றார். அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும்வரை நான் அதிகம் கேட்ட சொல் அந்த மர்ரா தானிதான். குரலை உயர்த்த மாட்டார், அவசரப்படுத்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். தப்பு என்றும் சொல்ல மாட்டார். மறுபடியும் அளக்கச் சொல்லிவிட்டு வெயிலில் நம் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொள்வார். அவர் நிழலுக்குப் போனால்தானே நாமும் போக முடியும்?

எங்கள் வேலை ஃபலஜ்களில். மலையடிவாரத்தில் ஒரு தாய்க் கிணறு. அங்கே ஊறும் தண்ணீரை நிலத்துக்கு அடியில் சுரங்கமாக வெட்டி ஊர்வரை கொண்டுவருவார்கள். மேலே பார்த்தால் எறும்புப் புற்றுகள்போல வரிசையாகக் கிணற்று வாய்கள் மட்டும் தெரியும். காற்றுக்கும் தூர் வாருவதற்கும் அவை. மோட்டார் கிடையாது. சரிவு ஒன்றுதான் தண்ணீரை இழுத்து வருகிறது. அந்தச் சுரங்கங்களுக்குள் நடந்து, அவை எப்படிப் போகின்றன என்று படம் வரைவது என் வேலையானது. ஆள் சின்னதாக இருப்பதில் உள்ள ஒரே லாபம் அது.

சுரங்கத்துக்குள் திசை பார்க்கத் திசைகாட்டியைத் தொடக்கூடாது என்பது சாலிமின் சட்டம். ஓமன் மலையின் கறுப்புப் பாறையில் இரும்புச் சத்து உண்டு. முள் கிறுக்குப் பிடித்ததுபோலச் சுற்றும். அதனால் கிணற்று வாயின் குறுக்கே ஒரு கம்பைப் போட்டு, அதிலிருந்து இரண்டு தூக்குக்குண்டுகளை அடிவரை தொங்கவிடுவோம். மேலே அந்த இரண்டு நூலும் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அதே திசையைத்தான் கீழேயும் காட்டும். கீழே ஒருவர் நூல்களுக்குப் பின்னால் விளக்கைப் பிடிக்க, இரண்டு நூலும் ஒன்றாய்த் தெரியும் கோட்டில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டவேண்டும். சுரங்கம் வளையும் இடத்தில் டேப்பால் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் அளந்தால் கோணம் கிடைத்துவிடும். கயிறு, குண்டு, டேப். அவ்வளவுதான் சாமான்.

இப்படிச் சில வருஷம் ஓடியபின் ஒரு நாள் சாலிம் என் மேஜைக்கு வந்தார். "பெஹன், சைனாவில ஒரு ஊர் இருக்கு. துர்ஃபான். பழைய வியாபாரப் பாதையில இருக்கிற ஊர். அங்க உய்குர் ஜனங்க. அவங்ககிட்டயும் ஃபலஜ் இருக்கு. காரீஸ்னு சொல்றாங்க. பார்த்து அளந்துட்டு வரணும். நீங்க வரணும். சல்மாவும் வர்றாங்க."

சல்மா அவர் மனைவி. அவர் வருகிறார் என்பதால்தான் என் வீட்டில் பேச்சு சுலபமாக முடிந்தது. "போயிட்டு வா. பாப்பாவ நான் பாத்துக்கறேன். தோசைக்கு மட்டும் மாவாட்டி வெச்சுட்டுப் போ" என்றார் என் கணவர். மகள், "அம்மா, அங்க ஸ்நோ இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அலுவலகத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை காதர் பாய்தான் அதிகம் கவலைப்பட்டார். "நீங்க கறியே தொட மாட்டீக. அங்கிட்டுப் போயி என்னம்மா செய்யப் போறீக?" என்று கேட்டு, புளிக்காய்ச்சலும் நார்த்தங்காய் ஊறுகாயும் தானே கட்டிக் கொடுத்தார்.

ஷார்ஜாவிலிருந்து விமானம். துணி மூட்டைகளோடு வியாபாரிகள் நிறைந்த விமானம். உரும்சியில் இறங்கி அங்கிருந்து ஜீப். எங்களை அழைத்துப்போக வந்தவர் பெர்ஹாத், உள்ளூர் நீர்ப்பாசன எஞ்சினியர், உய்குர் இளைஞர். முன்பு எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானில் பட்டு வியாபாரம் பார்த்தவர் என்பதால் உருது பேசினார். ரூவி பஸ் ஸ்டாண்டில் நான் பேசும் அதே ஹிந்தி அங்கே எனக்குச் சோறு போட்டது.

உரும்சியிலிருந்து துர்ஃபானுக்கு இறங்கினோம். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இறங்கினோம். சாலிம் உயரம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பனி மூடிய மலைகள் பின்னால் போகப் போக அதன் முள் குறைந்துகொண்டே வந்தது. பூஜ்யத்துக்கு வந்தது. நிற்கும் என்று பார்த்தேன். தாண்டிப் போனது.

"கடல் இப்ப நமக்கு மேல இருக்கு, பெஹன்" என்றார் சாலிம்.

சல்மா தன்னையறியாமல் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தார். அன்றுவரை நான் எழுதிய ஒவ்வொரு மட்டமும் கடலுக்கு மேலே இவ்வளவு என்றுதான் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன். 

வெளியே மஸ்கட்டைத் தோற்கடிக்கும் வெயில். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக, மடிப்பு மடிப்பாக ஒரு மலை. காற்றில் அந்த மடிப்புகள் தீ நாக்குபோல ஆடுவதாகத் தெரிந்தது. புல் ஒன்றுகூட இல்லை. இங்கே மனிதர்கள் எப்படி என்று நான் நினைத்த அடுத்த வளைவில் பச்சை வந்து முகத்தில் அடித்தது. தெருவுக்கு மேல் பந்தல், பந்தல் முழுக்கத் திராட்சை. அதன் நிழலில் கழுதை வண்டிகள். வீட்டுக்கு வீடு வாசலோடு ஒரு வாய்க்கால், அதில் ஓடும் தண்ணீரில் தர்பூசணியைக் குளிரப் போட்டிருந்தார்கள். மேட்டில் செங்கல்லைச் சல்லடைபோல அடுக்கிக் கட்டிய வீடுகள். திராட்சை உலர்த்தும் வீடுகளாம். சூடான காற்று ஓட்டைகளில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கும். எந்த வெயில் ஆளைக் கொல்கிறதோ அதையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் பெர்ஹாத் எங்களை ஊருக்கு வெளியே பழைய நகரத்தின் இடிபாடுகளுக்குக் கூட்டிப்போனார். இரண்டு ஆற்றுப் பள்ளங்களுக்கு நடுவே இலை வடிவத்தில் ஒரு மேடு. அதன்மேல் ஒரு முழு நகரம். தெருக்கள், முற்றங்கள், புத்தர் கோயில்கள். கட்டியதைவிடத் தோண்டியதுதான் அதிகம். மேட்டை மேலிருந்து கீழாகக் குடைந்து தெருவை எடுத்திருக்கிறார்கள், மிச்சம் நின்ற மண்ணைச் சுவராக விட்டிருக்கிறார்கள். அந்தத் தெரு ஒன்றின் நடுவில் நின்று நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். கூரை எதுவும் மிச்சமில்லை. வண்டிகள் உரசிய தடம் மட்டும் சுவரில் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

"ஒட்டகக் கூட்டம் பட்டோட வரும், அந்தப் பக்கமிருந்து குதிரை வரும், பாஜி" என்றார் பெர்ஹாத். பாஜி என்றால் உருதுவில் அக்கா. "எல்லாரும் இங்க நின்னாங்க. எதுக்கு நின்னாங்க? தண்ணிக்கு. இந்த ஊர்ல எதைத் தொட்டாலும் அடியில தண்ணி இருக்கும்."

அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வாழும் ஒருவரின் வீட்டில்தான் அன்று மாலை சாப்பாடு. துர்சுன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும், அகலமான தோள். காரீஸ் வெட்டுவதும் தூர் வாருவதும் அவர் தொழில். அவர் மனைவி ரெய்ஹான், நான் கறி சாப்பிட மாட்டேன் என்று பெர்ஹாத் சொன்னதும் ஒரு கணம் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் எனக்கென்று தனியாக மாவை இழுத்து நூடுல்ஸ் செய்து, தக்காளியும் குடைமிளகாயும் வதக்கிப் போட்டுக் கொண்டுவந்தார். காதர் பாயின் ஊறுகாயைச் சுவைத்துப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் "அச்சா, அச்சா" என்று தலையாட்ட ஆட்ட அந்த வீட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் மொழியில் அச்சா என்றால் அக்காவாம். அன்றிலிருந்து ரெய்ஹானுக்கு நானும் எனக்கு ரெய்ஹானும் அச்சா.

துர்சுனின் ஊருக்கு வரும் காரீஸ் அப்போது வறண்டிருந்தது. ஊருக்கு மேலே தார்ச்சாலை போட்டபோது அந்த இடத்தில் இருந்த கிணற்று வாய்களை மூடிவிட்டிருந்தார்கள். இறங்க வழியில்லை, தூர் வார முடியவில்லை, சாலையைத் தாண்டி ஓரிடத்தில் உள்ளே சரிந்துவிட்டது. திராட்சைக்கு அடுத்த ஊர்க் காரீஸிலிருந்து கடன் தண்ணீர். துர்சுனும் அவர் கூட்டாளிகளும் சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த கடைசிக் கிணற்றில் இறங்கி, சுரங்கத்தைச் சுத்தம் செய்துகொண்டே சரிவை நோக்கி வெட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதைத் திறந்துவிட வேண்டும்.

அந்தச் சுரங்கத்தைத்தான் மறுநாள் நாங்கள் அளந்தோம். இறங்கியதும் குளிர்ச்சி. வெளியே அடுப்பு, உள்ளே மார்கழி. சுவரில் பிக்காசின் ஒவ்வொரு கொத்தும் மீன் செதில்போலப் பதிந்திருந்தது. விளக்கு வைக்கச் சின்ன மாடங்கள், அவற்றின் மேல் தலைமுறைப் புகை. திசை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். துர்சுன் மேலே கையைக் காட்டினார். கிணற்று வாயின் குறுக்கே ஒரு கம்பு. அதிலிருந்து இரண்டு கயிறுகள். அடியில் கனத்துக்காக இரண்டு கற்கள்.

நானும் சாலிமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை மலை, எத்தனை பாலைவனம், எத்தனை மொழி தள்ளி வந்திருக்கிறோம். அதே இரண்டு நூல். எங்கள் ஊர்க்காரர் அவர்களுக்குச் சொன்னதா, அவர்கள் ஊர்க்காரர் எங்களுக்குச் சொன்னதா, இல்லை ஒருவருக்கொருவர் தெரியாமலே இரண்டு இடத்திலும் யாரோ யோசித்ததா? சாலிம் அந்தக் கயிற்றைத் தொட்டு, "சுப்ஹானல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

துர்சுன் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு தவழ்ந்தேன். கிணற்றிலிருந்து நேராகக் கொஞ்சம், இடப்பக்கம் ஒரு வளைவு, சாலைக்கு அடியில் இன்னொரு வளைவு, பிறகு சரிவின் முகம். முடித்துவிட்டு மேலே வந்தால் சாலிம் காத்திருந்தார். "மர்ரா தானி." துர்சுனுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. "மர்ரா தானி, மர்ரா தானி" என்று பாட்டாகச் சொல்லிக்கொண்டே திரும்பவும் என்னோடு வந்தார். இரவு உணவுக்கு முன்பே படத்தை வரைந்து முடித்தேன்.

அடுத்த நாள் காலை நாங்கள் விடைபெற்றுக்கொள்ளத்தான் போனோம். கிணற்றடியில் கூட்டம். ஒரு ஆள் தலை முதல் கால்வரை சேறாகத் தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். துர்சுனோடு வேலை செய்தவர். பெர்ஹாத் அவரிடம் பேசிவிட்டு முகம் வெளுத்து எங்களிடம் வந்தார்.

"இரண்டாவது வளைவுல கூரை விழுந்துடுச்சு. இவர் இந்தப் பக்கம் இருந்தார், தப்பிச்சார். துர்சுன் அந்தப் பக்கம்."

முன்னால் பழைய சரிவு, பின்னால் புதுச் சரிவு. நடுவே ஒரு மனிதன். பழைய சரிவு வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது என்பது நேற்று என் முழங்காலுக்கே தெரியும். இனி அது வெளியேற வழியில்லை. அங்கே ஏறிக்கொண்டே இருக்கும்.

விழுந்த மண்ணைச் சுரங்கம் வழியே அள்ளிப் போக நாளாகும். மேலிருந்து நேராகத் தோண்டி இறங்க வேண்டும். ஆனால் எங்கே? சுரங்கம் ஒரு ஆள் தோள் அகலம்தான். கொஞ்சம் விலகித் தோண்டினால் வெறும் மண்ணில் இறங்கிப் போய்க்கொண்டே இருப்போம். சாலிம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  நான் பையிலிருந்து படத்தை எடுத்தேன்.

கிணற்று வாயில் இரண்டு கயிறுகளும் அப்படியே இருந்தன. அவற்றைக் கண்ணால் கோர்த்து, பெர்ஹாத்தைக் கழியோடு நிறுத்தி நேர்கோட்டை நீட்டினேன். முதல் வளைவு வந்த இடத்தில் டேப்பால் தரையில் முக்கோணம். இரண்டாவது வளைவு. அங்கிருந்து சரிவின் முகம்வரை உள்ள துண்டின் நடுப்பகுதி. அங்கே ஒரு இரும்பு முளையை அடித்தேன். அது தார்ச்சாலையின்மேல் வந்து நின்றது.

அந்த நேரம் நிலக்கரி ஏற்றிய லாரி ஒன்று அந்த இடத்தின் மேலேயே ஏறிப் போனது. காலுக்கு அடியில் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு கீழே என்ன செய்யும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். ரெய்ஹான் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த லாரி தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

சல்மா கைப்பையை என்னிடம் கொடுத்தார். கறுப்பு அபாயாவைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சாலையின் நடுவே நடந்துபோய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சாலிம் மனைவியை ஒரு கணம் பார்த்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ரெய்ஹான், பிறகு ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக. லாரி புழுதி கிளப்பி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஒலிப்பான்கள் அலறின. யாரும் எழவில்லை.

இதற்குள் ஊரின் மூத்த காரீஸ்காரர் ஒருவர் என் முளைக்குப் பக்கத்தில் நீளக் கடப்பாரையைத் தரையில் ஊன்றித் தட்டினார். அதன் தலையில் காதை வைத்தார். மறுபடி தட்டினார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு என் காதையும் வைக்கச் சொன்னார். இரும்பின் குளிர்ச்சி. அதற்குள் மிக மிக லேசாக, கல்லில் கல் மோதும் சத்தம். ஒன்று. இன்னொன்று.  துர்சுன் உயிரோடிருந்தார்.

சாலைத் துறையின் அதிகாரி ஜீப்பில் வந்து சேர்ந்தார். நடுவயது, களைத்த முகம். சாலையை வெட்ட மேலிடத்தின் உத்தரவு வேண்டும், உரும்சிக்குப் போன் போட வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான். பயந்திருந்தார். "இங்கேதான் ஆள் இருக்கான்னு யார் சொன்னது?" என்று கேட்டார். பெர்ஹாத் என்னைக் காட்டினார். சுடிதாரில் புழுதியோடு நின்ற ஒரு குள்ளமான இந்தியப் பெண்ணை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"சாலையை வெட்டி, அடியில் ஒன்றும் இல்லையென்றால்?"

 அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சாலையில் உட்கார்ந்திருந்த சாலிம் அங்கிருந்தே சொன்னார், எப்போதும்போல, மொட்டை மாடியில் சொன்ன அதே குரலில்.

"மர்ரா தானி, பெஹன்."

அதிகாரியின் கண் முன்னால் முளையைப் பிடுங்கி எறிந்தேன். கிணற்று வாய்க்கே திரும்பப் போனேன். கயிற்றிலிருந்து தொடங்கினேன். இந்த முறை டேப்பின் மறுமுனையை அவரையே பிடிக்கச் சொன்னேன். மறுக்காமல் பிடித்தார். எண்ணை உரக்கப் படித்தார், பெர்ஹாத் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். முக்கோணம். வளைவு. இன்னொரு முக்கோணம். கடைசி அளவை இழுத்து முளையை வைத்தபோது அதன் கூர் பழைய முளை பிடுங்கிய ஓட்டையின் விளிம்பில் இறங்கியது.

அதிகாரி குனிந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினார். ஏதோ ஒரே சொல் சொன்னார். பெர்ஹாத் மொழிபெயர்க்கவே இல்லை, அதற்குள் பிக்காசு தாரில் விழுந்துவிட்டது.

மூன்று ஆள் ஆழம். குழிக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். ஒருவர் வெட்ட, மூச்சு வாங்கியதும் இழுத்து மேலே ஏற்றி அடுத்தவரை இறக்கினார்கள். மண்ணைக் கூடையில் கட்டி இழுத்தார்கள். ஊரே வரிசையில் நின்றது. முதல் லாரியின் ஓட்டுநர் தன் முறைக்கு இறங்கி, முழங்கை உரிந்து மேலே வந்தார். நான் ரெய்ஹானோடு குழியோரம் இருந்தேன். எங்களிடம் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. "அச்சா" என்பார். "அச்சா" என்பேன்.

பகல் சாய்ந்துகொண்டிருந்தபோது மூத்தவர் கடப்பாரையில் காதை வைத்துவிட்டு நிமிரவில்லை. தட்டினார். மறுபடி தட்டினார். கீழேயிருந்து பதில் இல்லை.

 ரெய்ஹானின் விரல்கள் என் கையில் அழுந்தின. சாலிம் சாலையிலிருந்து எழுந்து வந்தார். திஷ்தாஷாவை இடுப்பில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, "என்னை இறக்குங்க" என்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று பெர்ஹாத் தடுத்தார். சாலிம் அவர் தோளை மெதுவாக ஒதுக்கிவிட்டு இறங்கினார். வெட்டும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, அவசரமில்லாமல். மேலே வந்த கூடையில் மண் ஈரமாக இருந்தது. அடுத்த கூடையில் சேறு. பிறகு வெட்டும் சத்தம் நின்றது.

கீழேயிருந்து இரண்டு ஆண் குரல்கள் கேட்டன.

குழி சுரங்கத்தின் இடப்பக்கச் சுவரோரமாக, ஒரு சாண் உள்ளே திறந்திருந்தது. துர்சுன் நெஞ்சளவு நீரில், முகத்தைக் கூரையோடு ஒட்டி நின்றிருந்தார். தட்டிக்கொண்டிருந்த கல் கை மரத்து நழுவிவிட்டதாம். கயிற்றில் கட்டி ஏற்றினோம். வெளிச்சம் கண்ணில் படும் முன்பே ரெய்ஹான் தன் தலைத்துணியை அவிழ்த்து அவர் கண்களைச் சுற்றிக் கட்டினார். அதன் பிறகுதான் அழுதார். கண் கட்டியபடியே துர்சுன் என்னவோ சொன்னார். சுற்றியிருந்த ஆண்கள் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

பெர்ஹாத் மூக்கை உறிஞ்சினார். "அந்தப் பக்கம் தண்ணி ஏராளமா இருக்காம். சத்தம் கேட்டாராம். இந்தக் குழியை மூடிடாதீங்கன்னு சொல்றார். இது வழியா இறங்கினா சீக்கிரம் உடைச்சிடலாமாம்."

அதிகாரி குழியை மூடவில்லை. அங்கேயே ஒரு கிணற்று வாயாக வைத்து இரும்பு மூடி போட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். விமானத்துக்கு எங்களுக்கு இன்னும் நாள் இருந்தது, தங்கினோம். துர்சுனை ஊரார் இறங்க விடவில்லை. மற்றவர்கள் முறை வைத்து இறங்கி, முதலில் புதுச் சரிவை அள்ளிவிட்டுப் பிறகு பழைய சரிவை உடைத்தார்கள். ஒரு காலை, திறந்தாயிற்று என்று மேலேயிருந்து ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

ஊரின் தலைவாய்க்காலுக்கு எல்லோரும் போனோம். சுரங்கம் நிலத்தை விட்டு வெளியே வரும் இடம் அது. வாய்க்கால் வெடித்துக் காய்ந்து கிடந்தது. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், அந்த அதிகாரி, எங்களோடு மண் சுமந்த லாரி ஓட்டுநர், எல்லோரும் இரண்டு கரையிலும் நின்றார்கள்.  முதலில் அந்தக் கறுப்பு வாயிலிருந்து காற்று வந்தது. தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் காற்று. குளிர்ந்த, பழைய மண்வாசனை. ரெய்ஹானின் தலைத்துணி ஆடியது. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் சுருண்டு சுருண்டு ஒரு பழுப்பு நாக்கு, காய்ந்த இலைகளையும் வண்டுகளையும் தலையில் சுமந்துகொண்டு, வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி நிரப்பிவிட்டு மறுபடி நகர்ந்து வந்தது. எத்தனையோ மலைக்கு அப்பால் உருகிய பனி, கடலுக்கும் கீழே இருக்கும் ஒரு ஊருக்கு, இருட்டிலேயே நடந்து வந்து சேர்ந்திருந்தது.

சாலிம் செருப்பைக் கழற்றி வைத்தார். சல்மா வாய்க்காலில் கால் வைத்துவிட்டு, சின்னப் பெண்போலக் கத்திக் காலை இழுத்துக்கொண்டார். அவ்வளவு குளிர். துர்சுன் குனிந்து இரண்டு கைகளிலும் அள்ளினார். அது இன்னும் கலங்கல்தான். குடிக்கவில்லை. ரெய்ஹானிடம் நீட்டினார். ரெய்ஹான் அதில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

வேலைக் காலம் முழுக்க ஓடுகிற தண்ணீரை அளந்திருக்கிறேன், நின்றுபோன தண்ணீரையும் அளந்திருக்கிறேன். ஒரு ஊருக்குத் தண்ணீர் வந்து சேர்வதைப் பார்த்தது அந்த ஒரு காலையில்தான். டேப் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. சாலிமும் அளக்கச் சொல்லவில்லை.